699 பாய்ப் படங்களுக்கு ஒரு பேட்ச் கோப்பில் பெயர் வைத்த அனுபவம்

பத்தமடையில் என் மதினி கோரைப் பாய் நெய்கிறார்கள். கல்யாணப் பாய் கேட்டு வருகிறவர்களுக்கு, மணமக்கள் பெயரைப் பாயில் எப்படி நெய்திருக்கிறோம் என்று காட்டப் படங்கள் வேண்டும் என்றார்கள். அண்ணனும் நானும் ஒரே வகைக் கேமரா இரண்டில் எடுத்த படங்கள், ஒரு மெமரி கார்டில் 412, மற்றதில் 287 சேர்ந்துவிட்டன. இரண்டிலும் கோப்புப் பெயர்கள் ஐஎம்ஜி_0001 என்றே தொடங்கின. அவற்றை பாய்_001 என்று வரிசையாக மாற்ற வேண்டும்.

முதலில், இரண்டு கார்டுகளையும் ஒரே ஃபோல்டருக்குள் நகலெடுத்து, பிறகு பெயர் மாற்றலாம் என்று ஒரு பேட்ச் கோப்பு (விண்டோஸ் வரிசையாக நிறைவேற்றும் கட்டளைகள் கொண்ட உரைக் கோப்பு) எழுதினேன். அது பெரிய தவறு. முடிவில் எண்ணிப் பார்த்தால் 412 படங்கள்தான் இருந்தன. பெயர் பாதி நெய்த பாயின் படம் இருந்த 0040 என்ற எண்ணில், சாயம் ஏற்றி வெயிலில் விரித்த கோரை தெரிந்தது. காப்பி கட்டளையை நாமே திரையில் தட்டச்சு செய்தால், அதே பெயரில் கோப்பு இருக்கும்போது மேலெழுதவா என்று கேட்கும். பேட்ச் கோப்புக்குள்ளிருந்து இயங்கும்போது கேட்காமலே மேலெழுதிவிடும். அண்ணன் கார்டைக் காலி செய்யலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நல்லவேளையாக நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு கார்டையும் தனி ஃபோல்டரில் வைத்து, அங்கிருந்து புதிய ஃபோல்டருக்கு நகலெடுக்கும்போதே புதுப் பெயரும் கொடுக்கும்படி மாற்றினேன். ரோபோகாப்பி என்ற விண்டோஸ் கட்டளை நகலெடுப்பதில் வலியது என்றாலும் பெயர் மாற்றாது என்பதால், ஒவ்வொரு கோப்புக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்யும் ஃபார் கட்டளையோடு காப்பியையே வைத்துக்கொண்டேன். ஃபாரில் கோப்பைக் குறிக்கும் மாறிக்கு (மதிப்பை வைத்திருக்கும் பெயருக்கு) முன், நேரடியாகத் திரையில் தட்டச்சு செய்தால் ஒரு சதவீதக் குறி போதும். கோப்புக்குள் இரண்டு, அதாவது %% என்று இட வேண்டும்.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது எண் ஏறும் இடம்தான். ஃபார் அடைப்புக்குள் இருக்கும் வரிகளை விண்டோஸ் மொத்தமாக ஒரே தடவையில் படித்து, % குறிகளுக்கு நடுவே உள்ள மாறியின் மதிப்பை அப்போதே பதித்துவிடுவதால், எண் ஒவ்வொரு சுற்றிலும் ஏறினாலும் பெயரில் ஏறாது. எல்லாப் படமும் ஒரே பெயரில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மேலே செட்லோக்கல் வரியில் டிலேய்ட் எக்ஸ்பான்ஷனை (மாறியின் மதிப்பை அந்தந்த வரி ஓடும்போதே எடுக்கும் வசதியை) இயக்கி, மாறியை ! குறிகளுக்கு நடுவே எழுதிய பிறகுதான் சரியானது. எண்ணுக்கு முன் 000 சேர்த்துக் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் எடுத்தால் 001, 010 என்று ஒரே அகலத்தில் வந்துவிடும். பெயரில் தமிழ் எழுத்து இருப்பதால் பேட்ச் கோப்பை, தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியீடான யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, அதை அப்படியே படிக்கச் சொல்லும் சிஎச்சிபி 65001 கட்டளையை முதல் வரிகளில் சேர்த்தேன்.

இம்முறை காப்பிக்கு முன்னால் எக்கோ என்று எழுதி, நடக்கப்போவதைத் திரையில் மட்டும் காட்டச் செய்து, 699 வரிகளையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். இந்த ஒரு படியை யாரும் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிறகு எக்கோவை எடுத்துவிட்டு ஓட்டினேன். புதிய ஃபோல்டரில் 699 கோப்புகள் இருந்தன. பெயர் பாதி நெய்த பாய் 040இலும், வெயிலில் காயும் கோரை 452இலும் இருந்தன. அதன் பிறகே கார்டுகளை அண்ணனிடம் கொடுத்தேன்.