கோபுரத்தை நிமிர்த்தினேன்

சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படிச் சுவரில் தாரமங்கலம் கோயில் தெருவை வரைந்தேன். வேலை முடிந்து பணமும் கைக்கு வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனாலும் கோபுரத்தின் பக்கக் கோடுகளை நிமிர்த்தியது சரிதானா என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

தெருவில் சிக்கல் இல்லை. கண்மட்டக் கோட்டில் ஆணி அடித்து நூல் கட்டி, திண்ணை, ஓட்டுக்கூரை, ஜன்னல் விளிம்பு எல்லாவற்றையும் அந்த ஒரே புள்ளிக்கு இழுத்தாயிற்று. தூரம் போகப்போகத் தூண்கள் எவ்வளவு நெருங்கும் என்பதை மூலைவிட்டம் போட்டுப் பிடித்தேன். இத்தாலியில் ஆல்பெர்ட்டி என்ற கலை அறிஞர் 1435-ல் எழுதிவைத்த முறை நம்ம ஊர்த் தெருவுக்கும் பொருந்தத்தான் செய்கிறது.

கோபுரம் அப்படியில்லை. கட்டும்போதே மேலே குறுகும்படி கட்டியது அது. கிட்டே நின்று அண்ணாந்தால் அந்தக் குறுக்கத்தோடு பார்வையின் குறுக்கமும் சேர்ந்துகொள்ளும். செங்குத்துக் கோடுகள் போய்ச் சேரும் புள்ளி சுவரைத் தாண்டி எங்கோ மேலே இருந்ததால், முதலில் தாளில் வரைந்து, கட்டம் போட்டுச் சுவரில் பெரிதாக்கினேன். நிலைக்கு நிலை கபோதத்தின், அதாவது வெளியே நீண்டு வளைந்த கூரை விளிம்பின், அடிப்பக்கம் கூடுதலாகத் தெரிந்தாக வேண்டும். சுதைச் சிற்பங்களின் முகம் சுருங்கி, மோவாயும் முழங்காலும் முன்னால் வரவேண்டும். ஒரு துவாரபாலகரின் தூக்கிய பாதம், உள்ளங்கால் தெரிகிற மாதிரி அமைவதற்குள் பெரும்பாடு பட்டுவிட்டேன். அது அமைந்தபோது வந்த சந்தோஷம் எனக்குத்தான் தெரியும்.

கடை முதலாளி தாரமங்கலத்துக்காரர். படியில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, எங்க கோபுரம் இவ்வளவு ஒடுங்கியா இருக்குது?"

"கீழ நின்னு அண்ணாந்து பார்த்தா இப்படித்தானுங்கய்யா தெரியும்."

"நான் பொறந்ததுல இருந்து அண்ணாந்துதான் பார்க்கறேன். ஒரு நாளும் இப்படித் தெரிஞ்சதில்லீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஊர்க் கோபுரத்துக்கு ஏதோ ஆகிவிட்டதைப் போன்ற வருத்தம் குரலில் இருந்தது. நான் எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் சாரம் ஏறி, கட்டடத்தின் சொந்தக் குறுக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை நிமிர்த்திவிட்டேன்.

அதற்கு நியாயம் உண்டு. சுவர் உயரமானது. கீழ்ப்படியில் நிற்பவர் கண்ணுக்குச் சுவரே மேலே போகப்போகக் குறுகித்தான் தெரியும். நான் வரைந்த குறுக்கமும் அதில் சேர்ந்தால் இரட்டிப்பாகிவிடும். இன்னொன்று, கட்டடம் நேராக நிற்கிறது என்று மனதுக்குத் தெரியும். அண்ணாந்து பார்க்கும்போது கோடுகளை அதுவே நிமிர்த்திக்கொள்ளும். தட்டையான படத்தில் அந்த வேலையை அது அவ்வளவாகச் செய்வதில்லை. ஆகவே முதலாளி தான் கண்டதைத்தான் சொன்னார்.

சரி, ஆனால் இந்த நியாயமெல்லாம் சாரத்தை விட்டு இறங்கிய பிறகு தோன்றியவை. மேல்தளத்திலிருந்து நேராகப் பார்ப்பவருக்கு இதில் பாதி பொருந்தாது. அதோடு அந்தப் பாதத்தை நான் மாற்றவில்லை. கோபுரத்தின் உடம்பு தள்ளி நின்று பார்த்ததாகவும், சிற்பங்கள் அடியில் நின்று பார்த்தவையாகவும், ஒரே படத்தில் இரண்டு இடம் ஆகிவிட்டது. யாரும் இதுவரை கேட்கவில்லை. எனக்கு அந்தப் பக்கம் போனால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

அதே தாரமங்கலம் கோயில் மண்டபத்தில், ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான். கண் எங்கே நிற்கும் என்பதை அந்தச் சிற்பி முடிவு செய்துவிட்டுத்தான் உளியைத் தொட்டிருக்கிறார். என் சுவர் படிக்கட்டில் இருக்கிறது, பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மண்டபத்திலும் ஜனங்கள் நடந்துகொண்டுதானே இருக்கிறார்கள்?

அடுத்து ஏற்காட்டில் ஒரு விடுதிச் சுவர். மேடேறும் சாலை, அதன் புள்ளி கண்மட்டத்துக்கு மேலே போகும், ஓரத்து வீடுகளின் கூரைக்கோ கண்மட்டத்திலேயே. ரோடு சுவரில் நட்டுக்கொண்டு நிற்கிறதே என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். வரைவதற்கு முன்பே, எங்கே நின்று பார்ப்பீர்கள் என்று விடுதிக்காரரைக் கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன். அவர் காட்டும் இடத்தில் நான் எதைப் பார்ப்பேன் என்பது அங்கே போனால்தான் தெரியும்.