சுயாதீனப் படங்களும் மாதச் சந்தாவும்

பெரிய தயாரிப்பு நிறுவனங்களின் துணையின்றி எடுக்கப்பட்ட ஒரு சுயாதீனப் படம் திரையரங்கில் ஒரே வாரம் ஓடி, பிறகு இயக்குநரின் மேசை டிராயரில் ஹார்ட் டிஸ்க்காக முடங்கிக் கிடந்த காலத்தை நான் மறக்கவில்லை. 2013-இல், படைப்பாளிகளே தங்கள் படங்களை இணையத்தில் விற்க உதவும் விமியோ ஆன் டிமாண்ட் என்ற சேவை தொடங்கி, பரிவர்த்தனைச் செலவு போக வருமானத்தில் 90 சதவீதத்தைப் படைப்பாளிக்கே தருவதாக அறிவித்தபோது, விநியோகஸ்தர் இல்லாமலேயே பார்வையாளரைச் சென்றடைய ஒரு வழி கிடைத்தது. ஆனால், படத்துக்குப் படம் பணம் கட்டும் அந்த முறையை இணையத் திரைத் தளங்களின் மாதச் சந்தா பின்னுக்குத் தள்ளிவிட்டதால், எந்தப் படத்தை வாங்குவது என்ற முடிவு மறுபடியும் சில தளங்களின் கைக்கே போய்விட்டது; எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்குகூடப் பல இயக்குநர்களுக்கு முழுமையாகத் தெரிவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடப்போகும் நண்பர்களே, உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்பதைத் தயவுசெய்து வரிவரியாகப் படியுங்கள்.