பம்ப் ஓட்டுறவளின் குறிப்பு

"இதயத்தை நிறுத்தினா ஆளு போயிடமாட்டாரா?" அல்சூரில் எங்கள் கீழ்வீட்டுப் பெரியம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிற கேள்வி. நான் பெர்ஃபியூஷனிஸ்ட். ஆபரேஷன் முடியும்வரை இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் பார்க்கிற மெஷின் என் கையில். தெருவில் 'பம்ப் ஓட்டுற பொண்ணு' என்பார்கள். தண்ணீர் மோட்டார் என்று நினைப்பவர்களும் உண்டு.

நிறுத்துவது சுலபம் பெரியம்மா, பொட்டாசியம் போதும். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் இருப்பது, இதயத்தை நிறுத்த நாங்கள் விடுகிற செயின்ட் தாமஸ் கரைசலில் 16. ஜில்லென்று உள்ளே விட்டால் மானிட்டரில் நேர்க்கோடு. இதை அடிக்கடி திரும்பக் கொடுக்க வேண்டும். டெல் நீடோ கரைசல் என்றால் ஒரே டோஸ் வெகுநேரம் தாங்கும், சர்ஜனின் கையை நிறுத்த வேண்டியதில்லை.

இதயத்துக்குப் போகிற ரத்தத்தை அடைத்து வைத்திருந்த கிளாம்ப்பை எடுத்த பிறகுதான் வம்பு. போன மாதம் ஒரு வால்வு கேஸ். இதயம் துடித்தது, ஆனால் சோம்பலாக. அட்ரினலினைக் கூட்டினார்கள், பிரஷர் கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றது. "ரிசெப்டர் கேக்க மாட்டேங்குது" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

அட்ரினலின் செல்லின் மேல் உள்ள பீட்டா ரிசெப்டரில், அதாவது சேதி வாங்குகிற புரதத்தில், உட்கார்ந்தால்தான் இதயம் பலமாகச் சுருங்கும். (இந்த ரிசெப்டர் குடும்பத்தை ஆராய்ந்ததற்குத்தான் லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் 2012இல் நோபல்.) பம்பில் போட்டதும் உடம்பு மிரண்டு அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் கொட்டுகிறது. நார்அட்ரினலினில் ஒரு பங்கை நுரையீரல்தான் வழக்கமாக வாங்கி அழிக்கும். என் மெஷினோ ரத்தத்தை நுரையீரலுக்குள் விடாமல் சுற்றி அனுப்பிவிடுகிறது. பழியில் எனக்கும் பங்குண்டு. விடாமல் தட்டினால் ரிசெப்டரில் பாஸ்பேட் ஒட்டி, உள்ளே சேதி போகிற தொடர்பு அறுந்துவிடும். சிலவற்றைச் செல் உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரியம்மா பேரனைக் கூப்பிடுகிற கதைதான்: பத்து தடவை கத்தினால் பதினொன்றாவது அவன் காதில் விழாது.

அதனால் மில்ரினோன் என்ற மருந்து. அது இந்த ரிசெப்டர் பக்கமே போகாது, கொல்லைப்புறமாக நுழையும்: ரிசெப்டர் வாங்கிய சேதியைச் செல்லுக்குள் கொண்டுபோகிற சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கிற என்சைமைத் தடுத்துவிடும். ரத்தக்குழாயும் தளர்ந்து பிரஷர் இறங்கும் என்பதால் கூடவே கொஞ்சம் நார்அட்ரினலின். அதுவரை நான் பம்பை ஓட்டியபடியே இதயத்தைச் சும்மா துடிக்கவிட்டேன்.

பிறகு பம்பின் ஃப்ளோவை அரை லிட்டர் அரை லிட்டராகக் குறைத்தேன். "ஆஃப் பம்ப்" என்றபோது மணி மூன்றரை. டிபன் பாக்ஸில் புளியோதரை காய்ந்து கிடந்தது.