எட்டாவது பாரில் நின்றுபோன குரல்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் எழுதியதில் விட்டுப்போன ஒற்றையும் இடம் மாறிய துணைக்காலையும் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: எழுதியவர் கண்ணுக்கு அவர் பிழை தெரியாது. கண் தாளில் இருப்பதைப் படிக்காமல் மனத்தில் இருப்பதைப் படித்துக்கொண்டு போய்விடும். பியானோ முன்னால் உட்கார்ந்தால் காதும் அதையேதான் செய்யும் என்று தெரிய எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபின் அவளுடைய 61 கட்டைக் கீபோர்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தூசி தட்டி வைக்கலாம் என்றுதான் வெளியே இழுத்தேன். சுவிட்சைப் போட்டு ஒரு கட்டையை அழுத்தினேன். சின்ன வயதில் அவள் ஓயாமல் வாசித்த ஒரு மெட்டின் முதல் ஐந்து சுரங்களைத் தேடினேன். மூன்று கிடைத்தது. மற்ற இரண்டும் கிடைத்தபோது மணி பன்னிரண்டரை. மறுநாள் வேலை முடிந்ததும் கை தானாக அங்கே போனது.

ஆசிரியரிடம் போகாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எனக்கென்று நேரம் கிடைப்பது இரவு பத்தரைக்கு மேல். அந்த நேரத்தில் யாரையும் போய்த் தொந்தரவு செய்ய முடியாது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் வீட்டில் யார் தூக்கமும் கெடாது. அப்படித்தான் ஆரம்பித்தேன், 44 வயதில்.

முதலில் எனக்கு வழி காட்டியது சிறு வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த ஒரு பேச்சு. 'அவர் நாலரைக் கட்டையில் பாடுவார்' என்பார்கள். அது என்ன நாலரை என்று நான் யோசித்ததே இல்லை. இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை சி. அதை ஒன்று என்று வைத்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணினால் டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கும் கறுப்புதான் நாலரை! மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல முடியாது, ஈ-க்கும் எஃபுக்கும் நடுவில் கறுப்பே கிடையாது. இத்தனை வருடம் வாயில் புழங்கிய சொல் கண் முன்னால் பலகையாக விரிந்து கிடந்ததைப் பார்த்தபோது உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. அப்புறம் 88 கட்டை என்றாலும் பயம் போய்விட்டது. 52 வெள்ளை, 36 கறுப்பு என்று எண்ணிக்கைதான் பெரிது. இருப்பது பன்னிரண்டு கட்டைகள் கொண்ட ஒரே சுற்று, அது ஏழு முறை வருகிறது, கொசுறாக நான்கு கட்டை. சி-யை ச என்று வைத்துக்கொண்டு வெள்ளையில் மட்டும் ஏறி இறங்கினால் சங்கராபரணம். மேற்கத்தியப் பாடங்களில் அதைத்தான் சி மேஜர் என்கிறார்கள்.

அடுத்தது விரல். கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து, இரண்டு கைக்கும் அப்படித்தான். நொட்டேஷனில், அதாவது இசையை எழுதிவைத்த தாளில், சுரங்களுக்கு மேல் குட்டியாக அச்சிட்டிருக்கும் அந்த எண்களை முதல் இரண்டு மாதம் நான் மதிக்கவில்லை. எந்த விரல் பக்கத்தில் இருக்கிறதோ அதை வைத்து அழுத்தினேன். மெதுவாக வாசிக்கும்வரை ஒன்றும் தெரியாது. கொஞ்சம் வேகம் கூட்டினால் ஐந்தாவது சுரத்துக்குப் போகும்போது கையில் விரலே மிச்சம் இருக்காது. எட்டு சுரத்தை ஐந்து விரலால் வாசிக்க ஒரே வழி, மூன்றாவது விரல் ஈ-யில் இருக்கும்போதே கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் புகுந்து எஃபைப் பிடிப்பதுதான். ஒன்று இரண்டு மூன்று, மறுபடி ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், தனியாகக் கற்பவர்கள் எல்லோரும் இங்கே தடுக்கி விழுவார்கள் என்று நினைக்கிறேன். என் கட்டைவிரல் கடைசி நொடிவரை வெளியே சும்மா நின்றுவிட்டு, எஃப் வரும்போது அவசரமாக உள்ளே பாயும். பாய இடம் வேண்டி முழங்கை மேலே தூக்கும். கை எடை முழுக்க அந்த ஒரு கட்டையில் விழும். ஏழு சுரம் மென்மையாகப் போக, எஃப் மட்டும் தொப்பென்று கேட்கும். பல நாள் எஃபை மெதுவாக அழுத்திப் பார்த்தேன், சரியாகவில்லை. கோளாறு எஃபில் இல்லை, இரண்டு சுரம் முன்னால் இருந்தது. சி-யை விட்டவுடனேயே, அதாவது இரண்டாவது விரல் டி-யை வாசிக்கும்போதே, கட்டைவிரல் உள்ளே நகர ஆரம்பித்துவிட வேண்டும். எஃப் வரும்போது அது ஏற்கனவே கட்டையின் மேல் காத்துக்கொண்டிருக்கும். முழங்கைக்கு வேலையே இல்லை. இதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது.

அந்த வாரங்களில் ஒரு செய்தி பெரிய ஆறுதலாக இருந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மகன் சி. பி. இ. பாக் 1753-ல் எழுதிய நூலில், தன் தந்தை சொன்னதாக ஒன்றைக் குறிப்பிடுகிறார். தந்தை இளமையில் கேட்ட பெரிய வித்வான்கள், விரல்களை அகலமாக விரிக்க வேண்டிய இடம் தவிர மற்றபடி கட்டைவிரலைப் பயன்படுத்தவே மாட்டார்களாம். அத்தனை பெரியவர்களுக்கே அது வரிசையில் சேராத விரலாக இருந்திருக்கிறது!

இரண்டு கைகளையும் சேர்க்கும்போது, இரண்டும் ஒரே திசையில் போகும் பயிற்சியைத்தான் நானும் முதலில் எடுத்தேன். வேண்டாம். இரண்டு கட்டைவிரலையும் நடு சி-யில் வைத்துக்கொண்டு வலது கை வலப்பக்கம், இடது கை இடப்பக்கம் என்று விலகிப் போகும் பயிற்சியை முதலில் எடுங்கள். கைகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்பதால் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே விரல் வரும், கட்டைவிரல் புகுவதும் ஒரே கணத்தில் நடக்கும். முதல் நாளே வந்துவிட்டது எனக்கு.

நாற்காலி உயரத்தையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். முழங்கை ஏறக்குறைய கட்டைகளின் மட்டத்தில் இருக்க வேண்டும். என்னுடையது தாழ்வாக இருந்து, ஒரு மாதம் முன்கை வலித்தது. வலித்தால் வாசிப்பதை நிறுத்திவிட வேண்டும், பொறுத்துக்கொள்ளக் கூடாது.

ஐந்தாவது மாதம் 88 கட்டை உள்ள, அழுத்தினால் எடை தெரிகிற டிஜிட்டல் பியானோவுக்கு மாறினேன். அதற்கு முன்னால் தோழி வீட்டில் இருந்த பழைய பியானோ ஒன்றின் மேல்மூடியைத் திறந்து, ஒரு கட்டையை மிக மிக மெதுவாக அழுத்திப் பார்த்தேன். உள்ளே கம்பளி சுற்றிய சுத்தியல் கம்பியை நோக்கி நகர்ந்தது, கிட்டே போனது, தொடாமலேயே திரும்பிவிட்டது. சத்தமே வரவில்லை. கட்டை சுத்தியலைக் கம்பிவரை கொண்டுபோய் விடுவதில்லை. கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு அதை எறிந்துவிடுகிறது. எறிந்த வேகம்தான் ஒலியின் அளவு. கட்டை அடிவரை போனபின் எவ்வளவு அமுக்கினாலும் பயன் இல்லை. 1700 வாக்கில் ஃப்ளோரன்ஸில் கிறிஸ்டோஃபோரி செய்துகாட்டியது இதைத்தான். மெல்லவும் உரக்கவும் வாசிக்க முடிந்ததால் அந்த வாத்தியத்துக்குப் பெயரே பியானோஃபோர்ட்டே என்று நின்றது. இதைக் கண்ணால் பார்த்த அன்றிலிருந்து நான் கட்டையை அமுக்குவதை விட்டேன்.

நொட்டேஷன் படிப்பது எனக்குப் பிடித்த பகுதி. மேலே ஐந்து கோடு, கீழே ஐந்து கோடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் துண்டுக் கோட்டில் நடு சி. மேல் வரிசையின் தொடக்கத்தில் சுழித்து வரைந்திருக்கும் குறி சுற்றி வளைக்கும் கோடு ஜி. கீழ் வரிசையில் இரண்டு புள்ளிகள் அணைத்துக்கொண்டிருக்கும் கோடு எஃப். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றவை அங்கிருந்து எத்தனை படி மேலே, கீழே என்பதுதான். ஒவ்வொரு சுரத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டு போவது எழுத்துக்கூட்டிப் படிப்பது மாதிரி. ஒரு படியா, தாண்டலா என்று வடிவத்தைப் பார்க்கப் பழகினால் சொல்லாகப் படிக்க வரும்.

சரி, அந்த ஏழாவது மாதத்துக்கு வருகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது ஜி மேஜரில் உள்ள ஒரு மினுவெட், மூன்று மூன்றாக எண்ணும் நடன இசை. பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725-ஆம் ஆண்டு நோட்டுப் புத்தகத்தில் ஆசிரியர் பெயர் இல்லாமல் இருப்பது. நெடுங்காலம் பாக் பெயரிலேயே அச்சாகி வந்தது. ட்ரெஸ்டனில் ஆர்கன் வாசித்த கிறிஸ்டியான் பெட்சோல்ட் எழுதியது என்று 1970-களில்தான் தெரியவந்தது. பெயர் மாறி அச்சான ஒன்றைப் பார்த்தால் என்னால் சும்மா கடந்துபோக முடியாது. அதனாலேயே இந்த 32 பாரையும் (நொட்டேஷனில் செங்குத்துக் கோடுகள் பிரிக்கும் தாளக் கட்டங்கள்) பெட்சோல்டுக்காக ஒழுங்காக வாசித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் பகுதியின் பாதி சுத்தமாக வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரவு ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, கைபேசியில் பதிவுசெய்தேன். வாசிக்கும்போது வாய்விட்டு எண்ணுவது என் பழக்கம். அதனால் பதிவில் என் குரலும் விழுந்திருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழு பார் வரை குரல் இருந்தது. எட்டாவது பாரில் குரல் இல்லை. வெறும் பியானோ, அதுவும் கால் இடறியவர் மாதிரி இழுத்து இழுத்து. ஒன்பதாவது பாரில் குரல் ஒன்றும் நடக்காதது போல 'ஒண்ணு' என்று திரும்ப வந்தது.

நான்கு முறை கேட்டேன். வாசிக்கும்போது அந்த எட்டாவது பாரில் நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன். தாளை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது பாரிலிருந்து ஆறாவதுவரை இடது கைக்கு பாருக்கு ஒரே ஒரு சுரம். ஏழில் மூன்று. எட்டில் வலது கை ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, இடது கை ஐந்து சுரங்கள் ஓடுகிறது. அதுவரை துணைக்கு வந்த கை திடீரென்று முன்னால் வருகிற இடம். அங்கே என் கவனம் முழுவதும் விரலுக்குப் போய், எண்ணுவது நின்று, காது மட்டும் நான் வாசிக்க நினைத்ததைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஆசிரியர் இருந்திருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பார். பாடங்களுக்குப் பஞ்சமே இல்லாத காலம் இது, ஆனால் நம்மை உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஆளாக நானே இருந்தாக வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது. அந்த வேலை எனக்குத் தெரிந்த வேலை என்பதும் உறைத்தது.

மெய்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. வாக்கியத்தின் பொருள் நம்மை இழுத்துக்கொண்டு போகாமலிருக்க, சில சமயம் பக்கத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிப்போம். இங்கேயும் அதையே செய்தேன். எட்டாவது பார் மட்டும், இடது கை மட்டும், தாளம் தட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 50 தட்டில். பிறகு ஏழும் எட்டும். பிறகு ஆறிலிருந்து. அதற்கு முன்பெல்லாம் தவறிய ஒவ்வொரு முறையும் முதல் பாருக்கு ஓடிவிடுவேன். ஆகவே முதல் பார் நூற்றுக்கணக்கான முறை வாசித்து மெருகேறியிருக்கும், எட்டாவது கொஞ்சம்கூட உரம் ஏறாமல் கிடக்கும். பின்னாலிருந்து கட்டினால், தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்கு வருகிறோம். பதினொரு நாளில் பதிவில் குரல் அறுபடாமல் எட்டைத் தாண்டியது. வாரக்கணக்கில் சும்மா திரும்பத் திரும்ப வாசித்து வராதது.

அந்தப் பதிவை மகளுக்கு அனுப்பினேன். இரவே கூப்பிட்டாள். "நல்லா இருக்கும்மா. ஆனா இடது கை ஏன் இவ்வளவு சத்தமா இருக்கு? பாட்டு மேலேதானே இருக்கு?"

மறுபடி போட்டுக் கேட்டேன், அவள் சொன்னது சரி. பத்து முறையாவது கேட்டிருப்பேன். தாளத்தை மட்டுமே தேடிக் கேட்டதால் இது என் காதில் ஏறவே இல்லை. இதுவும் தொழிலில் தெரிந்ததுதான். எழுத்துப்பிழைக்கு ஒரு வாசிப்பு, எண்களுக்கு ஒரு வாசிப்பு, தலைப்புகளுக்கு ஒரு வாசிப்பு என்று தனித்தனியாகத்தான் பார்ப்போம். இப்போது ஒவ்வொரு பதிவையும் மூன்று தடவை கேட்கிறேன். முதலில் எண்ணிக்கை. அடுத்து இரண்டு கைகளின் சத்தம். மூன்றாவது, சுரங்கள் முடிகிற இடம். கட்டையை விட்டதும் உள்ளே தடுப்பான் கம்பியில் விழுந்து ஒலியை நிறுத்துகிறது, ஆகவே விடுவதும் வாசிப்புதான். தொடங்குவதில் இருந்த அக்கறை முடிப்பதில் எனக்கு இல்லை என்று மூன்றாவது தடவையில்தான் தெரிந்தது. தாளில் பென்சிலால் தேதியோடு குறிக்கிறேன், வழக்கமான மெய்ப்புக் குறிகளிலேயே. விட்டுப்போனதற்கு ஒரு குறி, ஒட்டிக்கொண்டதற்கு ஒரு குறி.

ஒன்பதாவது மாதம் இது. முதல் 16 பார் இப்போது 80-ல் போகிறது. இடது கை இன்னும் ஒரு பங்கு அடங்க வேண்டும். நேற்று இரண்டாம் பகுதியைத் திறந்தேன். 20-ஆவது பாரில் வலது கைக்கு, இதுவரை இந்த மினுவெட்டில் வராத ஒரு கறுப்புக் கட்டை வருகிறது. சி ஷார்ப், நம் கணக்கில் ஒன்றரைக் கட்டை. பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இன்றிரவு அந்த பாரிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.