ஊருக்குள் திரும்பும் வரை

தொழுநோய்க் கிருமியை ஒழிப்பது இன்று பெரிய காரியமே இல்லை. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தை நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் பயம் போய்விடும். மாத்திரையும் இலவசம். ஆனால் தாமதமாக வந்தவர்களுக்கு, கிருமி செத்த பிறகும் செத்த நரம்பு திரும்புவதில்லை. அதனால்தான் மருந்து முடித்தவர்களும் எங்கள் வார்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருடங்களாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இந்த வேலைக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்தவர், 1946இல் வேலூருக்கு அறுவை சிகிச்சை நிபுணராகத் திரும்பி வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடுபட்டும் வெட்டுப்பட்டும்தான் அழிகின்றன என்பதை மருத்துவ உலகத்துக்கு அழுத்திச் சொன்னவர் அவர். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, முன்கையில் நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணைப் பிரித்து விரல்களுக்குக் கொண்டுவந்து தைப்பார்கள். மாவுக்கட்டைப் பிரித்ததும் என் வேலை ஆரம்பம். மணிக்கட்டை அசைத்துப் பழகிய தசைக்கு விரலை அசைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பல நாள் கழித்து ஒருவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போடும்போது வார்டே திரும்பிப் பார்க்கும். அப்போதும் அந்தப் பொத்தான் அவர் விரலுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் போடுவார்.

காலுக்குச் செய்வது இன்னும் எளிய வேலை. தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைக் கல்லால் தேய்த்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். அப்படி ஒரு அம்மாவுக்குத் தேய்த்தபோது குதிகாலில் கருவேல முள் முழுசாக உள்ளே இருந்தது. அதோடுதான் நடந்து, பஸ் ஏறி வந்திருக்கிறார். முள்ளை எடுத்துக் காட்டியபோது, வேறு யாருடைய காலிலோ எடுத்ததுபோலப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "தம்பி, ஏசப்பா தொட்டதும் அந்த ஆளுக்கு உடனே சொஸ்தமாச்சுன்னு காலைல படிச்சாங்களே. நானும் தினம் ஜெபம் பண்றேன். எனக்கு மட்டும் ஏன் காலு தெரிய மாட்டேங்குது?"

"விசுவாசம் போதவில்லை" என்று ஜெபிக்க வருகிற சிலர் சொல்லிவிட்டுப் போவதுண்டு. நோயாளியிடம் அதைவிடக் கொடுமையான பேச்சு கிடையாது என்பேன். என்னிடம் பதில் இல்லை. எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு, இயேசு ஒரு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்குவதைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை மறுபடி மறுபடி படித்தேன். வேதம் சொல்லும் குஷ்டத்தில் வேறு பல தோல் நோய்களும் அடக்கம் என்பார்கள். இருக்கட்டும், ஒதுக்கிவைத்தது ஒன்றுதானே. "தீட்டு, தீட்டு" என்று கூவியபடி பாளயத்துக்கு வெளியே வாழ வேண்டியவனை, சுகமாவதற்கு முன்பே இயேசு தொடுகிறார். பிறகு, போய் ஆசாரியனுக்குக் காண்பி என்கிறார். ஆசாரியன் சொன்னால்தான் அவன் ஊருக்குள் வர முடியும். தோல் சுத்தமானதோடு காரியம் முடியவில்லை, அவன் வீடு போய்ச் சேர வேண்டும். அடுத்த வசனம்தான் என்னை உலுக்கியது. செய்தி பரவியதால் இயேசுவால் வெளியரங்கமாய் ஊருக்குள் நுழைய முடியவில்லை, வனாந்தரமான இடங்களில் தங்கினார். வெளியே இருந்தவன் உள்ளே போக, அவர் வெளியே நிற்கிறார். இரக்கம் என்றால் அவருக்கு இவ்வளவு விலை இருந்திருக்கிறது.

அந்த அம்மாவின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளரோடு போனேன். அவருடைய தட்டும் டம்ளரும் திண்ணையோரம் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மருமகளிடம் டீ கேட்டு, அந்த டம்ளரிலேயே வாங்கிக் குடித்தோம். அக்கம்பக்கத்தினர் பார்த்தார்கள். அதன் பிறகுதான் மருந்தைப் பற்றிப் பேச்செடுத்தோம். மருமகள் கேட்ட கேள்விகள் எல்லாம் குழந்தைக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் பிறந்தவை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் டிஸ்சார்ஜ் நாளில் வீட்டிலிருந்து ஒருவரை வரச் சொல்லி, கால் ஊறவைப்பதையும் எண்ணெய் தடவுவதையும் அவர் கையாலேயே செய்ய வைக்கிறோம். சிலர் கதவோரம் நின்றே போய்விடுகிறார்கள். அந்த அம்மாவோடு மருமகள் வந்தாள், நுனிவிரலால்தான் ஆரம்பித்தாள். அடுத்த ரிவியூவுக்கு வந்தபோது பாதத்தில் ஒரு வெடிப்புகூட இல்லை.

காலுக்கு உணர்ச்சி வரவில்லை. அதற்காக அவர் இன்னும் ஜெபிக்கிறார், நானும் சேர்ந்து ஜெபிக்கிறேன். ஜெபம் முடிந்ததும், உணர்ச்சியற்ற காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்த அவருடைய எம்.சி.ஆர். செருப்பைக் கவிழ்த்து, ஆணியோ முள்ளோ ஏறியிருக்கிறதா என்று இருவரும் பார்க்கிறோம்.