ஒற்றைக் கண்ணும் அறுந்த இழையும்

அறுந்த இழையைப் பிடிக்க நீண்ட அத்தையின் விரல்கள், இழைக்கு அரை அங்குலம் முன்பாகவே மூடிக்கொண்டன.

சென்னிமலையில், தறிக்குழிக்குள் காலை விட்டு அமர்ந்திருந்த அவருடைய வலக்கண்ணில் மருத்துவர் வைத்த கட்டு இருந்தது.

"ஒத்தக் கண்ணுல நூலு எங்கிருக்குதுன்னே தெரியமாட்டீங்குது, கண்ணு."

இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைத் தர, அந்த வேறுபாட்டிலிருந்தே மூளை அருகிலுள்ளவற்றின் தொலைவை நுட்பமாகக் கணிக்கிறது. ஒன்றை மூடினால் அக்கணக்கு அப்போதே நின்றுவிடுகிறது.

கட்டை அவிழ்த்தபின் நடப்பதுதான் எனக்கு இதைவிட வியப்பானது.

மூடிக் கிடந்த கண் மந்தமாகிவிடும் என்றுதான் எவரும் எண்ணுவோம். ஆனால் 2011இல் இத்தாலிய ஆய்வாளர்கள், பார்வைக் குறையற்ற பெரியவர்களின் ஒரு கண்ணை, ஒளி மட்டும் புகும் மறைப்பால் 150 நிமிடங்கள் மூடிவைத்து, பிறகு இரு கண்களுக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டியபோது, மறைக்கப்பட்டிருந்த கண்ணின் படமே ஒன்றரை மணி நேரம் வரை மேலோங்கித் தெரிந்தது. வரத்துக் குறைந்த கண்ணுக்கு மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பதே இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

குட்டிப் பருவத்தில் நிகழ்வது நேர்எதிர். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை நெடுநாள் மூடிவைத்தால் மூளை அக்கண்ணைக் கைவிட்டுவிடும் என்று காட்டிய ஹியூபலும் வீசலும் 1981இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். குழந்தைகளிடம் மூளை சரிவரப் பயன்படுத்தாமல் விடும் சோம்பேறிக் கண்ணுக்கு, நல்ல கண்ணை மறைத்து மருத்துவம் செய்வது (அதையும் மருத்துவர் சொன்ன அளவில்தான்) இதே காரணத்தால்தான்.

வளர்ந்தவரின் பார்வை மூளை இறுகிப்போனது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அதை அசைக்க இரண்டரை மணி நேரம் போதுமாயிருக்கிறது.