கைப்பிடி இல்லாத நாற்காலி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கற்பனை உலக ஆட்டத்தின் புத்தகத்துக்குப் படம் வரையும் வேலை கிடைத்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ஆட்டம். 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கிவைத்த வகை. கோட்டை வாசலில் ஐந்து பேர் நிற்க வேண்டும், அவ்வளவுதான் குறிப்பு.

மந்திரக்காரிக்கு மூக்குக்கண்ணாடி போட்டேன். வில்லாளியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தேன். இரண்டும் இந்தக் காலத்துப் பொருள்கள், கதை உலகத்தோடு ஒட்டவில்லை, எடுத்துவிடுங்கள் என்று கலை இயக்குநர் எழுதியிருந்தார்.

எனக்குக் கோபம். சிங்கப்பூரில் எந்த வகுப்பறைக்குள் போனாலும் கண்ணாடி போட்ட பிள்ளைகள்தான். அவர்களில் ஒரு பிள்ளை தன்னை மந்திரக்காரியாக நினைத்துக்கொள்ளக் கூடாதா? நீளமாகப் பதில் எழுதினேன். இத்தாலியின் திரெவீசோ நகரில் 1352இல் தீட்டிய சுவரோவியத்திலேயே ஒரு கர்தினால், அதாவது கத்தோலிக்க மதகுரு, கண்ணாடியோடு எழுதிக்கொண்டிருக்கிறார். ஜெர்மனியின் நியூரம்பெர்க் அருகே நடக்க முடியாத கடிகாரக்காரர் ஸ்டீபன் ஃபார்ஃப்லர் 1655இல் கையால் சுற்றி ஓட்டும் நாற்காலியைத் தனக்காகவே செய்துகொண்டார். உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயில் தூணில், பின்னாளில் நடந்த திருப்பணியின்போது, சைக்கிள் ஓட்டும் மனிதரையே செதுக்கி வைத்திருக்கிறார்களே, அதையும் சேர்த்துக்கொண்டேன். சரி, ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார் இயக்குநர்.

ஒரு சனிக்கிழமை மாலை, அடுக்குமாடி புளோக் கீழே இருக்கும் அறையில் கூடினோம். ஆட வந்தவர்களில் ஒரு தமிழ்ப் பெண் சக்கர நாற்காலியில் வந்திருந்தார், பல்கலைக்கழகத்தில் படிப்பவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணே, இவங்களை யாரு தள்ளுவாங்க?"

புரியவில்லை. படத்து நாற்காலியின் பின்னால் இருந்த கைப்பிடிகளைக் காட்டினார். அவருடைய நாற்காலியில் கைப்பிடியே கிடையாது. இருந்தால் எம்ஆர்டி ரயிலில் யாராவது கேட்காமலேயே பிடித்துத் தள்ளிவிடுகிறார்களாம். "கை வைக்கிற கட்டையும் வேணாண்ணே. வில்லை இழுக்கிறப்ப முழங்கை எங்க போகும்?" அவருடைய சக்கரங்கள் மேலே உள்ளே சாய்ந்தும் கீழே விரிந்தும் இருந்தன. அப்படி இருந்தால் சட்டென்று திரும்பலாம் என்று அந்தச் சின்ன அறையிலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

நான் வரைந்தது மருத்துவமனை நாற்காலி. நோயாளியை வேறொருவர் தள்ளிப் போவதற்கென்று செய்தது. அதில் வில்லையும் அம்பறாத்தூணியையும் மாட்டிவிட்டு, எல்லாரையும் சேர்த்துக்கொண்டதாக நினைத்திருந்தேன். இயக்குநர் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. அது அந்த உலகத்தில் யாரும் செய்த பொருளாகத் தெரியவில்லை, கொண்டுவந்து ஒட்டியதாகத்தான் தெரிந்தது. டிராகன் பறக்கிற உலகத்தில் சக்கரம் உருளக் கூடாதா என்று கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். கேள்வி சரிதான், ஆனால் அதைக் கேட்டதால் என் படம் தேறிவிடவில்லை.

மறுபடி உட்கார்ந்தேன். இந்த நாற்காலியை அந்த ஊர்த் தச்சரும் கொல்லரும் எப்படிச் செய்வார்கள் என்று யோசித்தேன். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றி, தண்ணீர் ஊற்றி இறுக்குவார்கள். அதே வேலைப்பாட்டை மெலிதாக்கிக்கொண்டேன். பட்டைக்குப் பக்கத்தில் கையால் உந்த ஒரு மர வளையம். முதுகுப்புறம் தாழ்வாகத் தோல். கண்ணாடியிலும் அதே தப்பு, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சட்டம் மாதிரி இருந்தது. பழைய ஓவியத்தில் உள்ளதுபோல நடுவில் ஆணி அடித்த இரண்டு வட்டங்களாக மாற்றினேன். இந்த முறை இயக்குநர் எதையும் எடுக்கச் சொல்லவில்லை.

அந்த மாலை நடந்ததில் நான் இன்னும் சொல்லாதது ஒன்று உண்டு. கோட்டை வாசலில் ஏழு படி வரைந்திருந்தேன். அதை முதலில் பார்த்ததும் அந்தப் பெண்தான். சங்கடத்தோடு, படியை அழித்துவிடுகிறேன் என்றேன்.

"அது இருக்கட்டும்ண்ணே. கோட்டைக்கு நெல்லு மூட்டை எப்படிப் போகும்? வண்டிப்பாதை ஒண்ணு இருக்கும்ல?"

இருக்கத்தான் வேண்டும். இடப்பக்கம் மதிலை ஒட்டிச் சக்கரத் தடம் பதிந்த ஒரு சரிவை வரைந்து சேர்த்தேன். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் ஐந்து பேருமே அந்தப் பக்கமாகத்தான் உள்ளே நுழைந்தார்கள். படியில் காவல் இருந்ததாம்.